கோதுமை நாட்டுச் சீட்டு

அவர் கோபப்படாமல் சோறு தின்று நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் மெஸ்ஸில் ஐம்பது பேர் தட்டோடு உட்கார்ந்திருப்போம். அவர் ஒரு கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாயில் போட மறந்து, எருமைகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் எருமைகள் இல்லை. கனடாவின் மேற்கே சஸ்காச்சுவான் என்ற மாகாணத்தில், புல்வெளியில், நூறு வருடத்துக்கு முன்னால் சுட்டுத் தள்ளப்பட்ட காட்டெருமைகள்.

“தோல மட்டும் உரிச்சிக்கிட்டு ஒடம்ப அப்பிடியே வுட்டுட்டானுங்க. அப்பறம் அந்த எலும்பப் பொறுக்கி ரயில்ல ஏத்தி ஒரத்துக்கு அனுப்புனானுங்க. இன்னைக்கித் தலைநகரமா இருக்கே, அந்த எடத்துக்கு மொதப் பேரே எலும்புக் குவியல் தான். வெக்கப்பட்டு அப்பறம் ராணி பேர வச்சிக்கிட்டானுங்க. அந்த எருமைய நம்பித் தானே அங்கன இருந்த சனம் பூரா சீவிச்சுச்சு? அதுங்க பட்டினியில வந்து நிக்கையில வெள்ளக்காரன் என்னா சொன்னான் தெரியுமா? நெலத்த எழுதிக் குடுத்துக் கையெழுத்துப் போடு, ரேசன் தாரேன்னான்.”

“அதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?” என்று யாராவது கேட்பார்கள். மெஸ் முழுக்கச் சிரிக்கும். மலையாளிகள் அவருக்குக் ‘கோதம்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் அது கோதுமை. வாயைத் திறந்தால் அந்தக் கோதுமை நாட்டைப் பற்றித்தான் பேசுவார் என்பதால்.

அவர் கனடாவைக் கண்ணால் கண்டவரில்லை. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூலிக் குடும்பங்களின் லயத்தில் பிறந்து, தோட்டத்து லொறி ஓட்டி, எண்பதாம் ஆண்டு ஷார்ஜாவுக்கு டிரைவராக வந்தவர். முவைலா பக்கம் வெறும் மணலாக இருந்த காலம் அது. அந்த மணலில்தான் எங்கள் கம்பெனியின் கேம்ப். குழாய் பதிக்கும் வேலை. தலைமை எஞ்சினியர் சஸ்காச்சுவானிலிருந்து வந்த வெள்ளைக்காரர். அவருடைய ஜீப்பை ஓட்டுவதுதான் இவருக்கு டியூட்டி. தைது பக்கத்து சைட்டுக்குப் போகிற வழியெல்லாம் எஞ்சினியர் தன் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். ஊரை விட்டு வந்த மனுசன், வேறென்ன பேசுவார்? இவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வருவார். பிறகு மெஸ்ஸில் வந்து கொதிப்பார்.

நான் கேம்ப் அலுவலகத்தில் கிளார்க். யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் அவரைப் போன்றவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லுவார்கள். நான் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் நினைத்தேன். இதை எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் எல்லாம் அவருடைய கோபம் எங்களுக்கு வேடிக்கைதான். எஞ்சினியரே ஒருமுறை என் மேசையில் வந்து சாய்ந்து சொல்லிச் சிரித்தார். சைட்டுக்குப் போகும் வழியில், தன் தாத்தா புல்வெளிக்கு வந்தபோது அந்த நிலமெல்லாம் காலியாகக் கிடந்தது, ஒருத்தரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இவர் உடனே பிரேக்கைப் போட்டு ஜீப்பை ஓரம் கட்டினாராம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், குழாய்க்காக நாங்கள் அடித்து வைத்திருந்த சிவப்பு முளைகளுக்கு நடுவே, ஒரு கிழட்டு பெதூயின் நாடோடி தன் ஒட்டகங்களுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் அவரைக் கை நீட்டிக் காட்டி, “சார், இங்கேயும் காலியா?” என்று கேட்டாராம்.

“நல்ல ஜோக் அடிக்கிறான் உன் ஊர்க்காரன்” என்றார் எஞ்சினியர்.

நானும் சிரித்தேன். பின்னேரம் அவரிடம் கேட்டபோது, “சோக்கா? நான் சோக்கு அடிக்கல தம்பி. எங்க தோட்டத்துலயும் அதே தான் எழுதி வச்சிருக்கான். வெறுங் காடு, தொரை வந்து தோட்டம் ஆக்குனாருன்னு. காட்ட வெட்டுனது யாரு? எங்க பாட்டன். காட்டுல அதுக்கு முன்னுக்கு இருந்தது யாரு? அது எங்களுக்கும் தெரியாது, கேக்கவுமில்ல. ஆனா காலின்னு சொல்லாத. காலின்னு சொன்னா எனக்கு ஒடம்பு பத்திக்கிட்டு எரியுது” என்றார். சொல்லும்போதே கழுத்து நரம்பு புடைத்தது.

எண்பத்திரண்டு கடைசியில் எஞ்சினியரின் மனைவி வந்து சேர்ந்தாள். ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். ஒல்லியாக, கறாராக, வெயிலுக்கு ஒரு வைக்கோல் தொப்பியோடு இருப்பாள். ரோலா கடைத்தெருவில் சாமான் வாங்கவும், பர் துபாய்க்குத் துணி எடுக்கவும் அவளை இவர்தான் கூட்டிக்கொண்டு போவார். இவருடைய இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். ஆனால் கேள்விகள் உடையாத கேள்விகள். அவளுக்கு அது பிடித்துவிட்டது. தன் மாகாணத்தைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அதைப் படித்தார். அவருடைய கட்டிலில் தலையணைக்குப் பதில் அந்தப் புத்தகம் கிடக்கும்.

அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அந்த நிலத்தை அவர் ஆசையாகத்தான் சொன்னார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. மலையே இல்லையாம். நாள் முழுக்க ஓட்டினாலும் ரோடு வளையாதாம். ஒரு மைலுக்கு ஒரு ரோடு, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி. ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ரயில்பாதை ஓரத்தில் கோதுமை கொட்டி வைக்கிற மரக் கோபுரம் ஒன்று. ஊர் வரப்போகிறது என்பது அதைப் பார்த்துத்தான் தெரியுமாம். குளிர்காலத்தில் வாகனத்துக்கு வயர் மாட்டி, சுவரில் பிளக்கைச் செருகி, என்ஜினைச் சூடாக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. “வானம் மட்டும் இங்கன மாதிரியே இருக்குமாம் தம்பி. நாலு பக்கமும் தரை வரைக்கும் எறங்கி வருமாம். மேடம் சொல்லுது. மலையில பொறந்தவனுக்கு அந்த வானம் கெடைக்காது.”

பிப்ரவரி மாதம் ஒரு நாள் டியூட்டி முடிந்து நேரே என் மேசைக்கு வந்தார். டியூட்டி ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“இதப் படிங்க.”

படித்தேன். இன்ன இடத்துக் குடியிருப்பைச் சேர்ந்த இன்னார், பத்து நாட்களுக்குக் குடியிருப்பை விட்டு வெளியே இருக்க அனுமதிக்கப்படுகிறார். காரணம், பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகளைப் பார்க்க. கீழே அதிகாரியின் கையெழுத்து.

எஞ்சினியர் மனைவியின் தாத்தா, பூர்வகுடிகளை ஒதுக்கி வைத்த இடம் ஒன்றில் அரசாங்கம் வைத்த விவசாய மேற்பார்வையாளராக இருந்தவராம். அவருடைய பழைய காகிதங்களோடு இந்தச் சீட்டும் அவளுடைய ஆல்பத்தில் இருந்திருக்கிறது. சின்ன வயசிலிருந்து பார்க்கிறாளாம், அழகான பழைய கையெழுத்து என்று ஒட்டி வைத்திருந்தாளாம். இவர் கேட்டபிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று ஒழுங்காக வாசித்ததாக இவரிடம் சொன்னாளாம்.

“இப்ப ஒங்க சீட்டப் படிங்க” என்றார்.

என் டைப்ரைட்டரில் அப்போதும் ஒரு கேட் பாஸ் செருகியிருந்தது. இன்ன நம்பர் தொழிலாளி, இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை கேம்ப்புக்கு வெளியே இருக்க அனுமதிக்கப்படுகிறார். காரணம், துபாயில் உறவினரைப் பார்க்க.

“அண்ணை, அது நூறு வருசத்துக்கு முந்தின கதை. இது கம்பெனி.”

“அவிங்க கோதுமை போட்டாங்க தம்பி. நல்லாவும் வெளைஞ்சிருக்கு. விக்கப் போனா அதுக்கு ஒரு சீட்டு. மிசின் பாவிக்கக் கூடாதுன்னுட்டான், கையால அறுன்னுட்டான். மகளப் பாக்க ஒரு சீட்டு. கேக்குறேன், இதுக்குச் சட்டம் இருந்திச்சா? இல்லியாம். மேடமே சொல்லுது. பாராளுமன்றத்துல எழுதுன சட்டம் எதுவுமே இல்லியாம். ஒரு ஆபீசுக்காரன் அச்சடிச்சான், இன்னொரு ஆபீசுக்காரன் கையெழுத்துப் போட்டான், போலீசு புடிச்சிக் கொண்டாந்து வுட்டிச்சி. அவ்ளோ தான். எங்க பாஸ்போட்ட ஒங்க அலமாரில பூட்டி வச்சிருக்கீங்களே, அதுக்கு என்னா சட்டம்? காட்டுங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் அது எனக்கும் தெரியாது. “எனக்கேன் இந்த வில்லங்கம்? மேனேஜரைப் போய்க் கேளுங்கோ” என்றேன். அவர் அந்தப் பென்சில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பச்சை இரும்பு அலமாரி. கேம்ப்பில் இருந்த அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும் அதில் நம்பர் வரிசையில் நிற்கும். சாவி என் இடுப்பில்.

அந்த வருடம் ஆடி மாதம் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையில் என் அண்ணனின் வீடும் எரிந்தது. அவனும் அண்ணியும் பிள்ளைகளும் அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு வாரத்தில் செய்தி வந்தது. பதுளையும் எரிந்தது என்று ரேடியோ சொன்னது. அவருக்கு ஒரு செய்தியும் வரவில்லை. லயத்துக்கு யார் தந்தி அடிப்பது?

லீவ் கேட்டு எழுதிக் கொடுத்தார். நான்தான் டைப் அடித்தேன். தாய், மனைவி, ஒரு மகள், நிலை தெரியவில்லை என்று. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, அக்டோபரில் வேலையை ஒப்படைக்க வேண்டும், அதுவரை ஒருத்தருக்கும் லீவ் இல்லை, கலாஸ், பேச்சு முடிந்தது என்றார். காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைக் கோப்பில் போட்டேன்.

அன்று அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் மேசைக்கு முன்னால் நின்று மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, ரோலாவுல டிக்கட் சொல்லி வச்சிட்டேன். என் பாஸ்போட்ட மட்டும் எடுத்துக் குடுங்க. ஒங்க வீடும் எரிஞ்சிருக்கு. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

“அண்ணை, என்ரை வேலை போயிடும்.”

“வேல போகும். எனக்குத் தெரியும். அப்பிடியும் கேக்குறேன்.”

நான் அடுத்த கேட் பாஸை டைப்ரைட்டரில் செருகினேன். அவர் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

என் வேலை மட்டும் காரணமில்லை. அதே வாரம்தான் எஞ்சினியரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, அவளுடைய ஊர் சர்ச்சில் அகதிக் குடும்பம் ஒன்றுக்குப் பொறுப்பு ஏற்க ஆயத்தமாக இருக்கிறார்கள், உன் அண்ணன் குடும்பத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டிருந்தாள். அந்தக் கோதுமை நாட்டுக்கு. நான் அந்த நேரத்தில் கேம்ப்பில் எந்தக் கரைச்சலுக்குள்ளும் தலையைக் கொடுக்க விரும்பவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி வந்து, டிரைவரின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது, நான் போய்க் கேட்கட்டுமா என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“பர் துபாயில் ஹெட் ஆபீசில் இருக்கிறது, மேடம். எங்கள் கையில் ஒன்றும் இல்லை.”

முதுகுக்குப் பின்னால் அலமாரி. இடுப்பில் சாவி. வாய் கூசாமல் சொன்னேன். அவள் பர் துபாய்க்கும் போய் ஒரு முழு நாள் வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

லீவ் கேட்டதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அவர் ஜீப்பைக் கொண்டுவந்து கேம்ப் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். இரண்டு பக்கமும் சிமெண்டுக் கட்டைகள். பஸ்ஸோ, குழாய் ஏற்றிய டிரெய்லரோ வெளியே போக வழியில்லை. கதவுகளைப் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆட்கள் பஸ்களிலிருந்து இறங்கினார்கள். ஒரு பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கினான். பக்கத்தில் நின்ற பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் கையை ஹாரனிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. ஆளாளுக்கு பஸ் நிழலில் உட்கார்ந்தார்கள். கோதம்பு என்று கிண்டல் செய்த எல்லோரும்தான்.

மேனேஜர் கத்தினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். எஞ்சினியர் வேறு வண்டியில் வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினியர் மேனேஜரிடம் வந்து, இது என் டிபார்ட்மெண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுசன்தான். தன் ஊரைப் பற்றி நன்றாகப் பேசுவார்.

ஒன்பது மணிக்கு ஒரு டாக்ஸி வந்தது. எஞ்சினியரின் மனைவி இறங்கினாள். மற்ற வெள்ளைக்காரிகள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து ஊருக்குப் போயிருந்த மாதம் அது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு யாரையும் பார்க்காமல் நடந்துபோய், ஜீப்பின் மறுபக்கக் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான் செய்தாள். அது போதுமாக இருந்தது. வெள்ளைக்காரி உட்கார்ந்திருக்கிற வண்டியிலிருந்து ஒருத்தனை இழுத்துப்போட எந்தப் போலீஸையும் கூப்பிட மேனேஜருக்குத் துணிவில்லை. அவள் புருசன் இரண்டு தரம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மதியம் ஜீப்பின் எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றது. ஆகஸ்ட் வெயில். அதற்குள் ஏசியில்லாமல் இருக்க முடியாது. கண்ணாடிகளை ஒரு விரல்கடை இறக்கினார்கள். அந்தப் பட்டாணியர் ஐஸ் கட்டியை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த இடைவெளி வழியாகத் தள்ளினார். மெஸ்ஸிலிருந்து ஈரத் துண்டுகள் போயின. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாகப் போயின. நான் என் மேசையிலிருந்து ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம்கூட எழுந்து போகவில்லை.

மூன்றரை மணிக்கு மேனேஜர் வந்து, “கொடுத்துத் தொலை. விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பு” என்றார்.

அலமாரியைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழக்க தோஷத்தில் கையெழுத்து வாங்கும் ரெஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு போனேன். இத்தனை பேர் பார்க்க மணலில் அந்த ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்றைக்கும் என் உடம்பைக் கூச வைக்கிறது.

அவர் கண்ணாடியை இறக்கினார். முகம் வெந்து சிவந்து, உதடு வெடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படம்தானா என்று பார்த்தார்.

“பத்தொம்பது நாளா இந்தச் சாவி ஒங்க இடுப்புல தான் இருந்திச்சி, தம்பி” என்றார். கத்தவில்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் எந்தக் கட்டிடத்திலிருந்து வந்தேன், எவ்வளவு நேரத்தில் வந்தேன் என்று அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “இவ்வளவு நாளும் இங்கேதான் இருந்ததா?” என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் ரெஜிஸ்டரை மூடினேன். “உன்னைத்தான் கேட்கிறேன்” என்றாள். நான் திரும்பி நடந்தேன்.

மறுநாள் அவர் போய்விட்டார். திரும்ப வரமுடியாதபடி முத்திரை குத்தி அனுப்பினோம். அவரைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் குத்தி வாங்கியதும் என் வேலைதான்.

சர்ச்சுக்கு அவள் எழுதமாட்டாள் என்று நினைத்தேன். எழுதினாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே எல்லாப் படிவங்களையும் நிரப்பி அனுப்பினாள். என் அண்ணன் குடும்பம் அடுத்த வருடமே சஸ்காச்சுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லாயிருக்கிறார்கள். அண்ணன் போனில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குப் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. “பரந்த வெளியடா, ஒரு சனம் இல்லை” என்று ஒருதரம் சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன். அவன் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

எண்பத்தைந்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் கேம்ப் விலாசத்துக்கு வந்தது. நீலகிரியிலிருந்து. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துத் தமிழரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்துவிட்டாராம். அங்கே இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம். அம்மாவைப் பற்றி ஒரு வரி. பதுளையில் அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் வயிற்றோட்டம் கண்டு, அவர் போய்ச் சேர நாலு நாளைக்கு முன்னால் இறந்துவிட்டாராம். கடைசிவரை மகன் எங்கே என்று கேட்டாராம். அதற்கு மேல் எங்களைத் திட்டி ஒரு சொல் இல்லை.

கடைசியில் இப்படி இருந்தது: “மத்தவங்க பாஸ்போட்டெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சா, இன்னும் அந்த அலமாரியில தான் இருக்கா? பதில் எழுதவும்.”

அந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது புதிதாக வந்த பதினொரு பேருடைய பாஸ்போர்ட்டுகள் என் மேசையில் கிடந்தன. கடிதத்தை மடித்து வைத்தேன். நம்பர் எழுதி, பதினொன்றையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். பதில் எழுதவில்லை.